மூன்று கல்லின் மேல் ஒரு பாறை

பாறைக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. அதனால்தான் நின்றேன்.

நவம்பர் மாதக் கடைசி ஞாயிறு. நியூயார்க் மாநிலத்தின் ஹாரிமன் பூங்காவில் ஓக் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து முடித்திருந்தன. சரிவின் மறுபக்கத்தில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. எங்களுக்கு மேலே, மேட்டில் இருந்த ஒரு பெரும்பாறைக்கும் தரைக்கும் நடுவே, ஒரு முழ உயரத்துக்கு அந்த வெயில் ஊடுருவி வந்தது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். படுத்த யானை அளவுள்ள அந்தப் பாறை மூன்றே மூன்று கற்களின் மேல் உட்கார்ந்திருந்தது. நாற்று நடும் நாட்களில் என் பாட்டி வயலோரத்தில் மூன்று கல் கூட்டி உலை வைப்பார். அதே அமைப்பு. பானை இருக்கவேண்டிய இடத்தில் பாறை.

"யாரோ தூக்கி வைத்திருக்கிறார்கள்" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவரைவிட எனக்குக் காரணம் அதிகம். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரி. பள்ளிக்கூட நாட்களில் அப்பா என்னை மல்லச்சந்திரம் மலைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே இருக்கும் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடி, முன்பக்கக் கல்லில் வட்டமாக ஓர் இடுதுளை விட்டிருப்பார்கள். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்று நம் பக்கத்தில் பெயர் சொல்வார்கள். மூணாறு பக்கம் மறையூரில் முனியறை என்பார்கள். அந்தக் கண்ணோடு வளர்ந்தவளுக்கு, காட்டுக்குள் ஒரு கல்லை இன்னொரு கல் தாங்கி நிற்பதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

அந்த மகிழ்ச்சியில் நான் செய்த ஒரு காரியத்தை இன்றும் நினைத்து வருந்துகிறேன். கீழே இருக்கும் கற்கள் சரியாகத் தெரியவேண்டும் என்று, அடியில் குவிந்திருந்த சருகையெல்லாம் வாரிப் போட்டேன். ஒரு கல்லின் மேல் பச்சைக் கம்பளமாகப் படர்ந்திருந்த பாசியை விரலால் சுரண்டி எடுத்தேன். பிறகு அழகாகப் படம் எடுத்துக்கொண்டேன். பத்து நிமிட வேலை. அந்தக் கல் எத்தனை காலமாக அங்கே அசையாமல் இருக்கிறது என்பதற்கு இருந்த சாட்சியைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் அழித்திருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கியபோதுதான், இப்படிப்பட்ட பாறைகள் அமெரிக்காவின் வடகிழக்கு முழுவதும் இருக்கின்றன என்று அறிந்தேன். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவிலேயே ஒன்று இருந்தது. நியூஜெர்சியின் மாரிஸ் கவுண்டியில், பிரமிட் மவுன்டன் என்ற சிறு மலையின் உச்சியில், ட்ரைபாட் ராக். தமிழில் சொன்னால் முக்காலிப் பாறை. ஏறத்தாழ 160 டன் எடை சொல்கிறார்கள். மூன்று சிறு கற்கள் அதைத் தாங்குகின்றன. 'சிறு' என்பது மேலே இருப்பதோடு ஒப்பிட்டுச் சொல்வது. அடுத்த வாரமே போனேன். ஏறிப் போய் அதன் முன்னால் நின்றபோது பேச்சு வரவில்லை. அவ்வளவு பெரிய கல்லுக்கு அடியில் மறுபக்கத்துக் காடு தெரிகிறது. அருகிலேயே வேறு சில பாறைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகப் பார்த்தால் ஜூன் மாதத்தில் பகல் மிக நீண்ட நாளின் அந்தி தெரியும் என்று சிலர் அன்று மாலை அங்கே கூடுவதும் உண்டு. அதே மலையின் இன்னொரு பக்கத்தில், ஓடைக்கு அருகில், பேர் ராக் என்ற பிரம்மாண்டமான பாறை தனியாகக் கிடக்கிறது. கரடி குந்தியிருப்பது போன்ற வடிவம்.

ஹட்சன் ஆற்றுக்குக் கிழக்கே நார்த் சேலம் என்ற ஊரில் சாலையோரத்திலேயே இன்னொன்று. ஏறத்தாழ 60 டன் எடையுள்ள இளஞ்சிவப்புக் கிரானைட் பாறை, சுண்ணாம்புக் கற்களின் முனைகள்மீது நிற்கிறது. அதைப் பனியுகம் விட்டுச்சென்றது என்கிறவர்களும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வந்த யாரோ எழுப்பிய கல்லறை என்கிறவர்களும் உண்டு.

ட்ரைபாட் ராக்கின் முன்னால்தான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மலையேறும் தடியோடு ஒரு கல்லில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் கைபேசியில் இருந்த ஹாரிமன் பாறைப் படங்களைக் காட்டினேன். நெடுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், மேலே இருந்த யானையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. "கீழே இருக்கும் கற்களைச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே வகையா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "பாசி எங்கே?" என்றார். அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "பரவாயில்லை, மற்ற இரண்டு கற்களைத் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். அவை போதும்" என்றார்.

அன்று அவரிடமும், அடுத்த சில மாதங்களில் பார்த்தும் படித்தும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஹட்சன் ஆற்றை ஒட்டிய இந்த மலைகளின் அடிப்பாறை நைஸ் வகையைச் சேர்ந்தது. கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக ஓடும். வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் நைஸ் பாறைகள் உண்டு. ஆனால் அங்கே நடக்காத ஒன்று இங்கே நடந்தது. கனடாவிலிருந்து இறங்கி வந்த பனிப்பாளம் இந்த மலைகளை முழுவதுமாக மூடியது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே காடும் இல்லை, ஓடையும் இல்லை. நகரும் பனி மட்டும்தான். அது மலையின் வடமேற்குச் சரிவை உரசி வழவழப்பாக்கியது; தென்கிழக்குப் பக்கத்தில் பாறையைப் பிடுங்கித் தன்னோடு எடுத்துக்கொண்டது. அதனால்தான் ஹாரிமனில் பல மலைகளுக்கு ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கிறது. இதை ஒருமுறை கவனித்துவிட்டால், பனி எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போனது என்பதை வரைபடம் இல்லாமலேயே சொல்லிவிடலாம். வெறும் பாறைத் தளத்தில் இணையான கீறல்கள் தெரிந்தால் இன்னும் உறுதி. சாய்வான காலை வெயிலில்தான் அந்தக் கீறல்கள் கண்ணுக்குப் படும். உச்சி வெயிலில் தேடிப் பயனில்லை.

பனி உருகியபோது சுமந்து வந்ததையெல்லாம் அங்கங்கே போட்டுவிட்டது. மண், மணல், கூழாங்கல், யானைப் பாறை எல்லாம் கலந்து. பெரும்பாறைக்கு அடியில் இருந்த மண்ணையும் மணலையும் உருகிய நீரும் பின்னால் பெய்த மழையும் அரித்துக்கொண்டு போயின. அரிக்க முடியாத அளவுள்ள கற்கள் மட்டும் நின்றன. பாறை அவற்றின் மேல் அமர்ந்தது. ஏன் பெரும்பாலும் மூன்று கல் என்று கேட்டேன். நம் வீட்டு முக்காலியை நினைத்துக்கொண்டால் போதும். நாலு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும். முக்காலி ஆடாது. இரண்டு கல்லில் நின்ற பாறைகள் என்றோ சாய்ந்து விழுந்து, இன்று சாதாரணப் பாறைகளாகக் கிடக்கின்றன. நாம் வியந்து படம் எடுப்பது நிலைத்ததை மட்டும்தான்.

இப்படித் தன் சொந்த மலையை விட்டு வேறு இடத்தில் கிடக்கும் பாறையை இங்கே எர்ராட்டிக் என்கிறார்கள். அலைந்து திரிவது என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நான் அதைப் புலம்பெயர்ந்த கல் என்றே சொல்கிறேன்.

நம் ஊரில் உருண்டைப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பதற்குக் காரணம் வேறு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் போகும் சாலையின் இருபுறமும் பார்த்திருப்பீர்கள். பனி எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை. நிலத்துக்கடியில் பாறை விரிசல்களின் வழியாக நீர் இறங்கி, மூலைகளைத் தின்று தின்று உருண்டையாக்கியது. பிறகு சுற்றியிருந்த சிதைந்த மண் மழையில் கரைந்தோடியது. உருண்டைகள் இருந்த இடத்திலேயே வெளியே வந்தன. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் வானிறைக்கல்லும் இயற்கை நிறுத்திய கல்தான். ஆகவே கிருஷ்ணகிரியில் பழகிய கண்ணை அப்படியே ஹாரிமனுக்குக் கொண்டுவந்தால் இரண்டு விதமாகவும் ஏமாறுவோம். கல்திட்டை அல்லாததைக் கல்திட்டை என்போம்; வெகுதூரம் வந்த கல்லை அங்கேயே பிறந்த கல் என்போம்.

என் பாறையைப் பற்றி எனக்குத் தெளிவு தந்தது மூன்றாவது கல். ஜனவரியில் திரும்பப் போனபோது, பெரியவர் கேட்ட கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல், டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யானையும் நைஸ். தாங்கும் கற்களில் இரண்டும் நைஸ். மூன்றாவது மட்டும் செவ்வூதா நிறம். உள்ளே வெண்மையான கூழாங்கற்கள், பாயசத்தில் முந்திரி மிதப்பது போலப் பதிந்திருந்தன. இங்கேயும் அதற்குப் பண்டத்தின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள், புட்டிங் ஸ்டோன் என்று. அந்தப் பாறை ஹாரிமனின் அடிப்பாறை இல்லை. அது இருப்பது வடமேற்கே ஷுனிமங்க் மலையில். பனி வந்த திசையும் அதுதான். ஆக, அந்தக் கல்லை இந்த மலைக்குக் கொண்டுவந்தது பனி. அதை இந்தப் பாறைக்கு அடியில் செருகியதும் பனிதானா? அதுமட்டும் இதனால் நிறுவப்படாது. அதே சரிவில் அப்படிப்பட்ட செவ்வூதாக் கற்கள் வேறு சிலவும் கிடந்தன. யாராவது ஒன்றை எடுத்து வைத்திருக்கவும் கூடும். ஆனால் கல் பாதி மண்ணில் புதைந்திருந்தது. மேலே பாறை அழுத்தும் இடத்தில் விளிம்பு நொறுங்கி, அந்த நொறுக்கிலும் கல்பாசி படர்ந்திருந்தது. நாம் பிரியாணியில் போடும் கல்பாசியின் உறவுதான் அது. இங்குள்ள பாறைகளில் பெரும்பாலான வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், சில அதற்கும் குறைவாக வளர்பவை. உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தால் அது நேற்று நடந்த காரியம் அல்ல.

எடையையும் அன்றுதான் கணக்கிட்டேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனேன். நீளம் 3.2 மீட்டர், அகலம் 2.4, உயரம் 2. பெருக்கினால் 15 கன மீட்டருக்குச் சற்று மேல். பாறை பெட்டி இல்லையே, உருண்டை. அதனால் பாதியாக்கிக்கொள்ளவேண்டும்: 8 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நைஸ் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன் இருக்கும். ஆக 20 டன்னை ஒட்டி. முதல் நாள் வாய்க்கு வந்தபடி நாங்கள் சொன்ன நூறு டன் எங்கே, இது எங்கே. கண்ணால் பார்த்து எடை சொல்பவர்களை நான் இப்போது நம்புவதில்லை, என்னையும் சேர்த்து.

மனிதக் கை பட்ட கல்லுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. விளிம்பில் வரிசையாக, ஒரே இடைவெளியில், அரைவட்டக் குழிகள் இருந்தால் அது உளி வைத்துப் பிளந்த கல். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் காடுகளில் கல் உடைத்தவர்கள் விட்டுச்சென்ற தடம். கனமான கல்லை நகர்த்தும்போது அடியில் சிறு கல் கொடுத்து நிமிர்த்தி, அப்படியே விட்டுவிட்டுப் போனதும் உண்டு. கற்சுவர் ஒன்று அந்தப் பாறையை நோக்கியே ஓடி வந்து முடிந்தால், விவசாயி அதை எல்லையாக வைத்துக்கொண்டான் என்று கொள்ளலாம். இன்று அடர்ந்த காடாக இருக்கும் இந்த இடங்களில் பல ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலம். இரும்பு உருக்கும் உலைகளுக்காக மரங்களை வெட்டி எரித்துக் கரியாக்கியிருக்கிறார்கள். அந்தக் கரிமேடைகள் காட்டுக்குள் இன்னும் வட்ட வட்டமாகத் தெரிகின்றன. தரையைக் கீறிப் பார்க்கத் தேவையில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பி எடுத்த லைடார் வரைபடங்களை இலவசமாகவே தருகிறது. அதில் மரங்களை நீக்கிவிட்டுத் தரையை மட்டும் பார்க்கலாம். கற்சுவர், கரிமேடை, சுரங்கக் குழி எல்லாம் கோடும் வட்டமுமாக எழுந்து வரும். போவதற்கு முந்தைய இரவு அதைப் பார்க்காமல் நான் இப்போது கிளம்புவதில்லை.

சுரங்கம் என்றதும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்த மலைகளில் காந்த இரும்புத் தாது இருக்கிறது. ஹாரிமனுக்குள்ளேயே பழைய சுரங்கங்கள் பல. ஹாசன்கிளவர், ஹோகன்காம்ப் என்று வரைபடத்திலேயே பெயர் இருக்கும். அப்படி ஒரு சுரங்கக் குழியைத் தாண்டும்போதுதான் எங்கள் திசைகாட்டி எங்களைக் கைவிட்டது. ஜனவரிப் பயணத்தில், திரும்பும் வழியில். தெற்கே போகிறோம் என்று நம்பி முக்கால் மணி நேரம் நடந்தோம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும் காலம். அப்போது என் கணவர்தான் நின்றார். "சூரியன் நமக்கு இடப்பக்கம் இறங்குகிறது. தெற்கே போனால் அது வலப்பக்கம் அல்லவா இருக்கவேண்டும்?" என்றார். முள்ளை நம்பிய நாங்கள் வானத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் காலத்தில் தாது தேடியவர்கள் முள் சாயும் இடத்தைத்தான் தோண்டினார்களாம். அதே முள் எங்களுக்கும் சாய்ந்திருக்கிறது. கைபேசியில் இருக்கும் திசைகாட்டியும் காந்தத்தையே பார்க்கிறது, அதுவும் ஏமாறும். ஆனால் செயற்கைக்கோள் மூலம் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி ஏமாறாது. குளிரில் கைபேசி மின்கலம் சட்டென்று இறங்கிவிடுவதால், அதை உள்சட்டையோடு உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளவேண்டும். காகித வரைபடமும் ஒரு நெற்றிவிளக்கும் பையில் இருக்கட்டும். அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், பாறையைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும், திரும்பிவிடவேண்டும் என்று அன்று வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். இதுவரை மீறவில்லை.

பாறைக்கு அடியில் கை விடாதீர்கள், தலையை விடாதீர்கள். இருபதாயிரம் ஆண்டு நின்றது நாம் நுழைந்ததும் விழாது என்று சிலர் நுழைந்து படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தக் கல் எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைவிட நெருக்கமான ஆபத்து பாம்பு. இந்த மலைகளில் கிலுகிலுப்பைப் பாம்பும் காப்பர்ஹெட்டும் உண்டு. இரண்டும் விஷமுள்ளவை. இரண்டுக்கும் வெயில் படும் பாறையிடுக்கு பிடிக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை எந்தப் பாறைக்கு அருகிலும் தடியால் தட்டி, சற்று நின்று, காது கொடுத்துவிட்டுத்தான் போவேன்.

உண்ணி இன்னொன்று. நம் ஊர் மாட்டு உண்ணியை நினைத்து அலட்சியம் செய்யக்கூடாது. இங்கே இருக்கும் கருங்கால் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். அது லைம் நோயைப் பரப்பும். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் நோய் அது. பனிக்காலத்தில் உண்ணி இருக்காது என்று எண்ணியிருந்தேன். உறைநிலைக்கு மேல் போகும் எந்த நாளிலும் வளர்ந்த உண்ணி வெளியே வரும். முதல் பயணத்துக்கு மறுநாள் என் கணவரின் முழங்கால் மடிப்பில் ஒன்று இருந்தது. எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து எடுக்கவேண்டும். எடுத்த தேதியைக் குறித்துவைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லவேண்டும். வெளிர் நிறக் காற்சட்டை, அதன் கால்முனையைக் காலுறைக்குள் செருகுவது, வீட்டுக்கு வந்ததும் குளியல், பிறகு அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் தேடுவது. குழந்தைகளுக்குப் பேன் பார்த்த பழக்கம் எனக்கு இதில் கைகொடுத்தது.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் ஒன்று.

இந்த மண்ணில் முதலில் வாழ்ந்தவர்கள் லெனாப்பே மக்கள். கிழக்குப் பகுதியின் பழங்குடி அரசுகள் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று 2007இல் தீர்மானம் நிறைவேற்றியது. காடுகளில் காணும் கற்குவியல்கள், கல் வரிசைகள், நிறுத்திய பாறைகள் பலவும் தங்கள் முன்னோரின் வழிபாட்டு இடங்கள். அவற்றை விவசாயி ஒதுக்கிப் போட்ட கல் என்று தள்ளிவிடக்கூடாது என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டில் மாசசூசெட்ஸில் விமான நிலைய ஓடுதளப் பணி நடந்த ஓர் இடத்தில் அப்படி ஒரு கல் அமைப்பு, வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் இடம்பெறத் தகுதியுள்ளது என்று ஏற்கப்பட்டது.

பனியா, மனிதனா என்று இங்கே ஆண்டாண்டாக வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதமே பாதிக் கேள்வியாகத் தெரிகிறது. நம் ஊர் ஏரிக்கரையில் எத்தனை கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைக்கிறோம்? அவற்றை யார் கொண்டுவந்து வைத்தார்கள்? யாரும் வைக்கவில்லை. தானாகக் கிடந்த கல்தான் சாமியாயிற்று. முனியப்பன் பாறையை எந்த மனிதனும் தூக்கி நிறுத்தவில்லை என்பதால் அது முனியப்பன் இல்லையென்று ஆகிவிடுமா? பனி வைத்த பாறையின் முன்னால் ஆயிரம் ஆண்டு மக்கள் நின்று கும்பிட்டிருக்கலாம். என் பாறையைப் பனிதான் வைத்தது என்று நான் நம்புகிறேன். அதனால் அதன் அருகில் செருப்பு மண்ணை உதறிவிட்டுத் தின்பண்டம் தின்ன எனக்கு உரிமை வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை.

அதனால்தான் அது எங்கே இருக்கிறது என்பதை இங்கே எழுதவில்லை. காரணம் இன்னொன்றும் உண்டு. மார்ச் மாதம் மூன்றாம் முறை போனபோது, பாறையைச் சுற்றிப் புதிதாக நாலைந்து சிறு கல்கோபுரங்கள் எழுந்திருந்தன. யாரோ விளையாட்டாக அடுக்கியவை. வெயில் ஊடுருவிய இடைவெளியில் நான்காவதாக ஒரு கல் செருகப்பட்டிருந்தது. என் ஜனவரிப் படங்களில் அது இல்லை. அதில் பச்சைப் பாசி கிடையாது. பக்கவாட்டில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. அதுவரை மண்ணுக்குள் எவ்வளவு புதைந்திருந்தது என்பதற்கு அடையாளம். கோட்டுக்கு மேலே வெளிறிய நிறம், கீழே கல்பாசி. தலைகீழாக வைத்திருந்தார்கள். பத்தடி தள்ளி, அதை எடுத்த இடத்தில் ஈரக் குழியும் அப்படியே இருந்தது. ஒரு குளிர்காலம் கழிந்து அந்தக் குழி மூடி, அந்தக் கல்லில் சற்றே பாசி ஏறியிருந்தால், பின்னால் வருபவர் நான்கு கல் என்றுதான் எழுதிவைப்பார். எனக்கு நெஞ்சு பதறியது. நவம்பரில் பாசியைச் சுரண்டிய என் விரல் செய்ததும் இதைத்தானே.

நாங்களே எடுத்துவிடலாமா என்றார் கணவர். வேண்டாம் என்றேன். பாரம் அதன்மேல் இறங்கியிருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. படம் எடுத்து, தேதி போட்டு, பூங்காவைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினோம். ஜனவரிப் படங்களையும் சேர்த்து. நாலு திசையிலிருந்தும், பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கோடு போட்ட ஒரு குச்சியை அருகில் நட்டு எடுத்த படங்கள் அவை. அந்தக் குச்சி இல்லாவிட்டால் அவை வெறும் கல் படங்கள். நீங்கள் எந்தப் பாறையைக் கண்டாலும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஒரு துளி சருகையும் நகர்த்தாமல், அது இருக்கும் கோலத்திலேயே, வெளியே நின்று டார்ச் அடித்து அடிப்பாகத்தையும். குறிப்பேட்டில் ஒரு கோட்டுப் படமும் வரையுங்கள். கை வரையும்போது கண் நிதானிக்கும். கேமரா பார்க்காததை அது பார்க்கும்.

மல்லச்சந்திரம் நினைவை வைத்து, நான் வரைந்ததை அப்பாவுக்கு அனுப்பினேன். எண்பதை நெருங்குகிறார். மறுநாள் தொலைபேசியில் பேசினார். "அங்கேயும் புதையல் தேடித் தோண்டுகிறார்களா அம்மா?" என்றார். இல்லை என்றேன். அவர் காட்டிய கல்திட்டைகளில் சில, மூடுகல் பெயர்ந்து கிடந்ததை நானும் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். ஏதோ தங்கம் இருப்பதாகக் கடப்பாரை போட்டவர்களின் வேலை. சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த முறை போனால், மழையோ பனியோ பெய்த மறுநாள் போ. அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்றார்.

ஏப்ரல் முதல் வாரத்தில் எதிர்பாராத பனி பெய்தது. மறுநாள் போனோம். காடு முழுவதும் வெள்ளை. பாறையின் அடியில் மட்டும் சருகு காய்ந்து கிடந்தது. நான்காவது கல் இல்லை. அது இருந்த பக்கமாகவும் வெளிச்சம் வந்தது. சருகின் நடுவில் ஒரு பள்ளம், ஒரு மான் உடம்பை மடித்துப் படுத்து எழுந்த அளவுக்கு. அதில் பழுப்பும் வெளுப்புமாக முடிகள் ஒட்டியிருந்தன. குளம்புத் தடங்கள் பள்ளத்திலிருந்து தொடங்கிப் பனியில் கீழே இறங்கிப் போயிருந்தன. குச்சியை வெளியே நட்டு, நின்ற இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.